காப்பு கட்டிய எஞ்சின்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்தைப் படிப்பது, கிரீஸ் படிந்த நட்டில் நம்பர் படிப்பது போல இருக்கும். துடைத்துத் துடைத்துத்தான் படிக்க வேண்டும். தாராவி முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் தமிழில் ஐந்தாவது வரை படித்தேன். சின்ன ரகரமும் பெரிய றகரமும் அன்றிலிருந்து எனக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, எது எது என்று தெரியாது. இடம் மாறி நின்றால் படிப்பவர்களே பிடித்துச் சரியான இடத்தில் நிறுத்திக்கொள்ளவும்.

எழுத உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மாட்டுங்காவில் ஒரு பழைய கார் இருக்கிறது. அதன் பானெட்டைத் திறக்கிறவர்கள் எல்லாரும், எஞ்சின் தலையில் கட்டியிருக்கும் மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "இது எதுக்கு?" என்று கேட்கிறார்கள். டயர் கடைக்காரர் கேட்டார். பேட்டரி மாற்ற வந்தவர் கேட்டார். சிக்னலில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்கூடக் கேட்டார். நானோ, இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, பஸ்ஸில் அடுத்த ஸ்டாப் வரை போய் நடந்து திரும்புகிற ஆள். ஒவ்வொருவருக்கும் வாய் திறந்து இந்தக் கதையைச் சொல்ல என்னால் ஆகாது. எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர் கையில் கொடுத்துவிட்டு நான் அந்தப் பக்கம் போய் நின்றுகொள்ளலாம்.

எனக்கு வேலை செம்பூரில் ஒரு கராஜில். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தாராவியிலிருந்து நடந்தே மாட்டுங்கா போய் இந்தக் காரைப் பார்ப்பேன். காரின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பம்பாயில் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் அந்தக் கார்தான் வந்து நிற்கும். டாக்ஸியெல்லாம் அதுதான். இன்றைக்கு அதன் வேலை தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவர்களும் போனை எடுப்பதில்லை. நான் எடுத்துவிட்டேன். "முடியாது" என்று சொல்லவும் கூச்சம்.

காரின் சொந்தக்காரர் கம்பெனி ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் அவரை சார் என்பேன், அவர் வீட்டம்மாவை மாமி என்பேன். சாருக்கு அந்தக் கார் என்றால் உயிர். மழைக்காலத்தில் குடையை எடுத்துக்கொண்டு போய், தான் நனைந்தபடி காருக்குக் குடை பிடித்ததை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். அவர்களுடைய ஒரே மகள் ஸ்கூலுக்குப் போனது, காலேஜுக்குப் போனது, முதல் இன்டர்வியூவுக்குப் போனது எல்லாம் அந்தக் காரில்தான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவளே ஒரு ஆசை சொன்னாள். ஜானவாசத்துக்கு மாப்பிள்ளை அப்பாவின் காரில்தான் வர வேண்டும், அப்பாதான் ஓட்ட வேண்டும். ஜானவாசம் என்பது கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், முன்னால் நாதஸ்வரம் போக, மாப்பிள்ளையைக் காரில் உட்கார வைத்துக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவது.

இதில் மாமிக்குச் சம்மதம் இல்லை. காரணம் புகை.

அந்த எஞ்சினின் மேல் ஒரு தகர மூடி உண்டு. டேப்பெட் கவர் என்போம். டிபன் பாக்ஸ் மூடி மாதிரிதான். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கார்க்கில் செய்த ஒரு பட்டை இருக்கும். பேக்கிங் என்று பெயர். அது சரியாக உட்காரவில்லை என்றால் உள்ளே தெறிக்கிற எண்ணெய் வெளியே கசிந்து, கீழே கொதிக்கிற புகைக் குழாயில் சொட்டும். சொட்டினால் புகையும். புகை காருக்குள் வரும். நிச்சயதார்த்தத்தன்று செம்பூரில் இருந்து வந்த சம்பந்தி மாமியை ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று சார் ஆசையாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். சம்பந்தி மாமி ஸ்டேஷன் வரை இருமினார். பட்டுப்புடவையில் பஜ்ஜிக் கடை வாசனை. மறுநாள் போனில், "உங்க கார் ரொம்ப அன்பான கார், கூடவே ஆத்துக்கு வந்துடுத்து" என்று சொன்னாராம்.

அதைக் கேட்டுவிட்டு மாமி தீர்ப்பு சொல்லிவிட்டார். நான் அப்போது காருக்குக் கீழே படுத்திருந்தேன், அதனால் முழுவதும் கேட்டது.

"ஜானவாசத்தன்னிக்கு அந்த பானெட்லேர்ந்து புகைன்னு ஒண்ணு வந்தா, மறுநாள் கார்த்தாலே பங்கார்வாலா வந்து எடுத்துண்டு போவான். சொல்லிட்டேன்."

பங்கார்வாலா என்றால் பழைய இரும்பு எடுக்கிறவர்.

"மறுநாள் கல்யாணம்டீ" என்றார் சார்.

"வரட்டும். சாப்ட்டுட்டு எடுத்துண்டு போகட்டும்."

சார் குனிந்து காருக்குக் கீழே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பது மாதிரி இருந்தது. என் மூக்கின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது.

டேப்பெட் கவர் லீக் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. பழைய கார்க்கை எடு, சுத்தமாகச் சுரண்டு, புதுக் கார்க் வை, மூடு, நட்டை அளவாக முடுக்கு. அவ்வளவுதான். செய்தேன். எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தேன், உலர்ந்த வாழைச்சருகு மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு போனால் மறுபடி எண்ணெய். இன்னொரு கார்க் வைத்தேன். அடுத்த ஞாயிறும் எண்ணெய். கார்க் சரியில்லையோ என்று வேறு கடையில் வாங்கினேன். அதுவும் எண்ணெய்.

கராஜில் என் பக்கத்தில் வேலை செய்கிற, கோவண்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவனிடம் தெரியாத்தனமாக இதைச் சொல்லிவிட்டேன். அவன் கராஜ் முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினான்.

"என்ன அண்ணாச்சி, டேப்பெட் கவரா? டிபன் டப்பா மூடத் தெரிஞ்சவன் எல்லாம் அத மூடுவான்! எங்க, உம்ம டப்பாவக் காட்டும், பாப்போம். ஏலே, இங்க பாருங்கல, டப்பாவுல இருந்தும் சாம்பார் ஒழுகிருக்கு!"

உண்மையிலேயே ஒழுகியிருந்தது. அன்றைக்கு முழுவதும் என்னை "டப்பா அண்ணாச்சி" என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கே என் கை மேல் சந்தேகம் வந்துவிட்டது. மனைவியிடம் சொன்னேன். அவள் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறவள். பேச்சிலும் ஊசி இருக்கும்.

"ஒழுகுத எடம் எதுன்னு பாத்தீங்களா?"

"எல்லா எடமும் எண்ணெயா இருக்கு. எங்கன்னு பாக்க?"

"மொதல்ல தொடச்சிட்டுப் பாருங்க. மூஞ்சி கழுவாம மரு எங்க இருக்குன்னு தேடுன கதையால்லா இருக்கு."

அவள் சொன்னதும் ஒரு பழைய வழி நினைவுக்கு வந்தது. எஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடரை மேலே லேசாகத் தூவி, கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். எண்ணெய் எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் ஈரமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். சாக் பவுடரோ முகத்துக்குப் போடுகிற பவுடரோ எதுவும் சரிதான்.

அந்த ஞாயிறு துடைத்து முடித்த பிறகுதான் பவுடர் கொண்டுவரவில்லை என்பது தெரிந்தது. மேலே போய் மாமியிடம் பவுடர் கேட்கலாம். ஆனால் இந்த வயதில் ஒரு ஆம்பளை மாடி ஏறிப் போய் முகப்பவுடர் கேட்பது எப்படி? காரின் டேஷ்போர்டு டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஏதோ கோயிலிலிருந்து வந்த பெரிய விபூதிப் பொட்டலம் இருந்தது. நல்ல நைசான விபூதி. மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டேப்பெட் கவர் மேலும் நட்டுகள் மேலும் ஓரமெல்லாம் தூவினேன். தூவி முடித்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணலாம் என்று நிமிர்ந்தால், சார் கையில் காபியோடு நிற்கிறார்.

சாரின் கண் எஞ்சினில் இருந்தது. எஞ்சின் தலை முழுக்க விபூதி. காபி டபராவை மட்கார்டின் மேல் வைத்துவிட்டுக் கை கூப்பினார்.

"நானே சொல்லணும்னு இருந்தேம்ப்பா. நீ என்ன நெனச்சுப்பியோன்னு சொல்லலை. உனக்கே தோணித்தே!"

நான் வாயைத் திறந்தேன். "சார், அது வந்து" என்பது வரை வந்தது. அதற்குள் அவர் இரண்டாம் மாடி ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டார்.

"ஏய், சித்த கீழ வா! குங்குமச் சிமிழையும் எடுத்துண்டு வா! மெக்கானிக் பூஜை போடறான்!"

எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. இப்போது "இது பூஜை இல்லை, டெஸ்ட்" என்று சொன்னால், சாமி விபூதியை எடுத்து நான் டால்கம் பவுடராக உபயோகித்த கதை வெளியே வரும். சொல்லாவிட்டால் பூஜை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதைப் பார்த்தவர்கள் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாமி வந்தார், மூக்கைச் சுளித்துக்கொண்டு நட்டு நட்டாகப் பொட்டு வைத்தார். மூன்றாம் மாடி அம்மாள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். வாட்ச்மேன் உத்தரப் பிரதேசத்துக்காரர். "க்யா பாய், காடி கீ பூஜா?" என்று, வண்டிக்குப் பூஜையா எனக் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். யாரோ தேங்காய் உடைத்தார்கள். தண்ணீர் என் பேண்ட்டில் தெறித்தது. நான் வந்த வேலை, எஞ்சினை ஓட விட்டு ஈரம் பார்ப்பது. அந்தக் கூட்டத்தில் பானெட்டுக்குள் மூக்கை நுழைக்கவே முடியவில்லை. கடைசியில் எனக்கு ஒரு தேங்காய் மூடியும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு போனேன். சார் அந்த வாரம் முழுவதும் காலையில் வாக்கிங் முடித்து வந்ததும் கவருக்குப் புதிதாக மூன்று பட்டை விபூதி போட்டிருக்கிறார். இந்த லட்சணத்தில் எந்த ஈரம் தெரியும்? "நின்னுடுத்துப் பாரு! ஒரு சொட்டு வெளில தெரியலை" என்று பெருமையாகச் சொன்னார். வெளியில் தெரியாதுதான். அத்தனை எண்ணெயையும் விபூதி குடித்துவிட்டு, கவரின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் களியாகக் கட்டிக்கிடந்தது.

அதைச் சுரண்டக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

கவர் முழுக்க வெள்ளை. பட்டைக்கு நடுவில் குங்குமம். ஆனால் கவரை இறுக்கிப் பிடிக்கிற நட்டுகள் மட்டும், பட்டை தீட்டின மாதிரி, ஆறு மூலையும் பளபளவென்று மின்னின. மூலைகளில் விபூதியும் இல்லை, குங்குமமும் இல்லை. விரல் பட்டிருந்தால் பொட்டு கலைந்து இழுபட்டிருக்கும். இப்படி மூலையை மட்டும் சுத்தமாகத் துடைப்பது உலகத்தில் ஒன்றுதான். ஸ்பேனர்.

ஓரத்தை விரலால் தடவினேன். கார்க் நசுங்கி, பாவ் பன்னுக்கு நடுவில் அமுக்கின மஸ்கா வெண்ணெய் மாதிரி வெளியே பிதுங்கியிருந்தது. தகர மூடியின் விளிம்பு நட்டுக்கு நட்டு பள்ளமாகி, நடுவில் மேடு தட்டியிருந்தது. அந்த மேட்டின் வழியாகத்தான் எண்ணெய் நிதானமாக வெளியே வந்துகொண்டிருந்தது. கார்க் மேல் குற்றம் இல்லை, என் கை மேலும் இல்லை. நான் அளவாக முடுக்கிவிட்டுப் போன பிறகு, அந்த பானெட்டைத் தினமும் திறக்கிற ஒரே ஆளான சார், வாக்கிங் முடித்து வந்து, பயத்தில், ஒவ்வொரு நட்டையும் "லேசா ஒரு கால் திருகு" திருகிக்கொண்டே வந்திருக்கிறார். திருகத் திருக ஒழுகியிருக்கிறது. ஒழுக ஒழுகத் திருகியிருக்கிறார்.

அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காஸ் சிலிண்டரின் குமிழை மூடிவிட்டுப் படுத்த பிறகு, மறுபடி எழுந்து போய் இன்னும் ஒரு திருகு திருகாதவர் யார்? நான் திருகியிருக்கிறேன். ஆனால் ஜானவாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. கார் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். ஊர்ந்தால் எஞ்சின் சூடாகும். சூடான குழாயில் ஒரே ஒரு சொட்டு விழுந்தால் போதும், பங்கார்வாலா சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். "சார், நட்டைத் தொடாதீங்க" என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. மூடியின் விளிம்பை நிமிர்த்துவதற்காக அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். சார் காபி கொண்டுவந்தார். நான் மனதுக்குள் மூன்று தரம் ஒத்திகை பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"சார், காபி நல்லா இருக்கு."

"அப்படியா? இன்னும் கொஞ்சம் கொண்டு வரட்டுமா?"

இன்னொரு டபரா குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் மூடியை மரக்கட்டை மேல் கவிழ்த்து, விளிம்பைச் சின்னச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"தொடாதீங்கன்னு சொல்லுததுக்கு என்ன?"

"பெரிய மனுசன். அவரு வண்டி. அவரு நட்டு. நான் எப்படிச் சொல்லுவேன்?"

"என்கிட்ட மட்டும் சட்னில உப்பு கூடுதல்னு நல்லாச் சொல்லுதீங்க."

"அது வேற."

தையல் பிரிந்த பை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"நம்ம கோயில் கொடைக்குக் காப்பு கட்டுனா என்ன ஆவும்?"

"என்ன ஆவும்? கொடைத் திருவிழா முடியுத வரைக்கும் யாரும் ஊரத் தாண்ட மாட்டாங்க. கம்பத்துல கட்டுன காப்ப ஒருத்தனும் தொட மாட்டான்."

"குடிச்சிட்டு வாரவன்?"

"அவனும் சுத்தித்தான் போவான்."

"அப்போ அந்த மூடிக்கும் ஒரு காப்பக் கட்டுங்க. உங்களுக்கு வாய் வராது, கயிறு பேசட்டும். அவங்கதான் ஏற்கெனவே பொட்டெல்லாம் வச்சாச்சே."

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். "சாமி குத்தம் ஆயிராதா?"

"எண்ண ஒழுகாம இருந்தா சாமிக்கு என்ன கோவம்? நல்ல காரியத்துக்குத்தான கட்டுதோம். கல்யாண வண்டி."

மஞ்சள் தேய்த்த கயிற்றை அவளே முறுக்கிக் கொடுத்தாள். தோல் பைக்குப் போடுகிற முடிச்சையும் சொல்லிக்கொடுத்தாள். இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது.

அடுத்த ஞாயிறு புதுக் கார்க் வைத்து, நிமிர்த்திய மூடியைப் போட்டு, நட்டுகளை அளவாக முடுக்கினேன். பிறகு மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை ஒரு நட்டிலிருந்து இன்னொரு நட்டுக்குச் சுற்றி, எல்லா நட்டையும் சேர்த்துக் கட்டினேன். ஸ்பேனர் போட வேண்டுமென்றால் கயிற்றை அறுத்தால்தான் உண்டு. நிமிர்ந்தபோது சார் நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஜிப்பா பையிலிருந்து ஸ்பேனரின் வாய் எட்டிப் பார்த்தது.

"காப்பா?" என்றார் மெதுவாக.

நான் தலையாட்டினேன்.

"கல்யாணம் முடியற வரைக்குமா?"

தலையாட்டினேன்.

"அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் தொடப்படாது, இல்லையா?"

இதற்குத் தலையை மட்டும் ஆட்டினால் போதாது என்று தோன்றியது. கண்ணையும் மூடிக்கொண்டு ஆட்டினேன். சார் ஜிப்பா பையைக் கையால் மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை மாமி சொல்லித்தான் தெரியும். தினமும் காலையில் பானெட்டைத் திறப்பாராம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பாராம், மூடுவாராம். "ஸ்பேனரைத் தலைமாட்டுல வெச்சுண்டு தூங்கறார். கெட்ட கனா வராம இருக்க இரும்பு வெச்சுப்பா, தெரியும். இவருக்குக் கனாவே இரும்புதான்" என்றார்.

மாமிக்கும் ஒரு வேலை கிடைத்தது. மஞ்சள் கயிற்றில் எண்ணெய் பட்டால் உடனே பழுப்பாகிவிடும் என்பதை அவர் தானே கண்டுபிடித்துவிட்டார். கறிகாய் வாங்கப் போகும்போது கயிற்றை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். கையில் மஞ்சள் மட்டும் ஒட்டினால் ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அப்படி அவர் ஒன்றும் பேசாமல் போவதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்ணால் பார்த்தேன். எங்கள் கராஜில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

ஜானவாசத்தன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணியோடு, காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தேன். கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை பின் சீட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுகிற சாருக்கு அதைவிட வியர்வை. முன்னால் நாதஸ்வரமும் தவிலும் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. வழியில் இருந்த பழக்கடைக்காரர்களெல்லாம் எழுந்து நின்று அந்தப் பழைய காரைப் படம் எடுத்தார்கள். எஞ்சின் சூடு பானெட்டின் வழியாக என் முழங்கையில் தெரிந்தது. எண்ணெய் வாசனை இல்லை. பாதி வழி வந்துவிட்டோம்.

மண்டபத்துத் தெரு திரும்பும்போது பானெட்டின் இடுக்கிலிருந்து ஒரு நூல் புகை வந்தது.

முதலில் ஊதுவத்தி என்று நினைத்தேன். பிறகு நூல் கயிறாயிற்று. பின்னால் பெண்கள் கூட்டத்தில் பேச்சு நின்றது. சார் காரை நிறுத்திவிட்டார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கூட்டம் விலகியது. மாமி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், புடவைத் தலைப்பால் மூக்கை மூடத் தயாராக, செம்பூர் சம்பந்தி மாமி.

நான் பானெட்டைத் தூக்கினேன். கவர் உலர்ந்திருந்தது. கயிறு மஞ்சளாக இருந்தது. ஆனால் கயிற்றின் மேல் முழம் முழமாக மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. நான் சுற்றவில்லை. காப்புக்குப் பூ இல்லாமல் எப்படி என்று கிளம்புகிற நேரத்தில் சார் சுற்றியிருக்கிறார். எஞ்சின் ஆடிய ஆட்டத்தில் சரத்தின் ஒரு முனை நழுவி, கொதிக்கிற புகைக் குழாயின் மேல் படுத்துக்கொண்டு நிதானமாகக் கருகிக்கொண்டிருந்தது.

மாமி வந்து நின்றார். புகையைப் பார்த்தார், சாரின் முதுகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சாரால் பேச முடியாது, அது தெரிந்துபோயிற்று. வேறு யாருக்கும் விஷயம் தெரியாது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, தெருவில் நிற்கிற அத்தனை பேருக்கும் முன்னால் நான்தான் பேச வேண்டியிருந்தது. நாதஸ்வரச் சத்தத்தில் கேட்காதே என்று பலமாக மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன். நான் கத்துவதற்கும் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்துவதற்கும் சரியாக இருந்தது.

"மாமி, இது எண்ண இல்ல! பூவு! மல்லியப்பூவு!"

தெரு முழுக்கக் கேட்டது. பழக்கடைக்காரர் கேமராவை என் பக்கம் திருப்பினார்.

மாமி குனிந்து மோந்து பார்த்தார். நிச்சயதார்த்தத்திலிருந்து அந்த எண்ணெய்ப் புகையை அவருக்கு நன்றாகத் தெரியும், அவரை யாரும் ஏமாற்ற முடியாது. பிறகு இரண்டு விரலால் கயிற்றைக் கிள்ளினார். விரலை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். மஞ்சள்.

"கயத்துல எண்ணெய் இல்லை" என்றார். தீர்ப்பு அது. பிறகு நிமிர்ந்து, "பூவை வெச்சது யாரு?" என்றார்.

எல்லாரும் சாரைப் பார்த்தோம்.

"ஏன்னா," என்றார் மாமி, "பங்கார்வாலா மனுஷாளை எடுத்துப்பானா?"

முதலில் சிரித்தவர் சம்பந்தி மாமிதான். "எங்காத்து ஜானவாசத்துக்கு சாம்பிராணி போட்டா. உங்காத்துல மல்லியே போடறேள்" என்றார். அதற்குள் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிவிட்டார். நான் கருகின பூவைத் துணியால் எடுத்துப் போட்டேன், விரல் சுட்டுக்கொண்டது. கார் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் பந்தியில் பங்கார்வாலாவுக்கு இடம் இல்லை, எனக்கு இருந்தது. பாயசம் இரண்டு தடவை போட்டார்கள். போதும் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் மூன்றாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்த ஞாயிறு சார் என்னிடம் கேட்டார், "காப்பை அவுத்துடலாமா?"

"தலைதீபாவளி முடியட்டும் சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது, வாயில் வந்துவிட்டது. தெருவில் ஒரு தடவை கத்தின பிறகு எனக்குச் சின்னச் சின்ன வாக்கியம் வர ஆரம்பித்திருந்தது. தலைதீபாவளி முடிந்ததும் கேட்டார். "பொங்கல் போகட்டும் சார்." பொங்கலும் போயிற்று. மகள் உண்டாகியிருக்கிறாள் என்று சொன்ன அன்றைக்கு அவர் கேட்கவே இல்லை.

கோவண்டிக்காரன் மட்டும் இன்னும் என்னை டப்பா அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறான். அந்தப் பெயருக்குக் காப்பு கட்ட முடியவில்லை.

இன்று காலை போயிருந்தேன். பிளக் துடைக்கிற வேலை. கயிறு நைந்து போய், நிறம் வெளுத்து, முடிச்சு மட்டும் கெட்டியாக இருந்தது. இது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சார் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது அறுந்துட்டா என்ன பண்ணறது?" என்றார்.

"அவுத்துரலாம் சார். கல்யாணந்தான் எப்பவோ முடிஞ்சிருச்சே."

"வேண்டாம்ப்பா" என்றார் அவசரமாக. ஜன்னலில் மாமி இருக்கிறாரா என்று ஒரு தரம் மேலே பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "புதுசா ஒண்ணு கட்டிடு. அவுத்தா என் கை சும்மா இருக்காது."

"காபி நல்லா இருந்துச்சு சார்" என்றேன். அப்போது இன்னும் காபியே வந்திருக்கவில்லை.

வரும் வழியில் புதுக் கயிறு வாங்கிவந்து மனைவியிடம் மஞ்சள் தேய்க்கக் கொடுத்துவிட்டு, அவள் தேய்த்து முடிப்பதற்குள் இதை எழுதினேன்.

தாராவி,
28 செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை.